சர்வாதிகாரி ஒருவனின் குடும்பத்தை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் எழுதினால், பார்ப்பவர்களுக்கு அவன்மேல் பரிதாபம் வந்துவிடாதா?

நீங்கள் ஒரு தொடருக்குக் கதை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். மனைவி, பிள்ளைகள், மருமகன்கள், தளபதிகள் என்று கதை முழுவதும் மாளிகைக்குள்ளேயே நடக்கிறது. அவனை மனிதனாகக் காட்டினால் அவன் செய்ததை மன்னித்தது போலாகிவிடுமோ என்பது உங்கள் பயம். இலங்கையின் வடக்கே வன்னியில் இருப்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். என் பதில் இதுதான்: அவனை முழு மனிதனாகவே காட்டுங்கள். பரிதாபம் வந்தால் வரட்டும். பார்வையாளர்கள் அவனைச் சந்திப்பதற்கு முன்னால் வேறு யாரைச் சந்திக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடுவார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்து கண்ணகை அம்மன் தங்கிய இடம் வற்றாப்பளை என்று நம்புகிற சனத்துக்கு முன்னால் ஆடும் கூத்து அது. அந்தக் கதையில் பாண்டியனைக் கவனியுங்கள். அவன் பிறவிக் கொடியவன் இல்லை. சிலப்பதிகாரத்தின்படி, ஆடல்மகளிரை அவன் ரசித்த விதம் பிடிக்காமல் மனைவி தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில் அரண்மனைத் தட்டான் வந்து காலில் விழுகிறான். சிலம்பைத் திருடியவனே அந்தத் தட்டான்தான். தான் அகப்பட்டுவிடக்கூடாதே என்ற பயத்தில் இன்னொருவனைக் கள்வன் என்று காட்டிக்கொடுக்கிறான். அரசனோ மனைவியின் கோபத்தில் மனதை வைத்துக்கொண்டு, விசாரிக்காமல் கொல்லச் சொல்லிவிடுகிறான். வீட்டுக்குள் ஒரு ஊடல், அரண்மனை ஊழியன் ஒருவனின் பயம், போகிற போக்கில் விழுந்த ஒரு உத்தரவு. நீங்கள் எழுத நினைக்கும் தொடர் இதுதான்.

அந்தப் பாண்டியன் உண்மை தெரிந்ததும் சிம்மாசனத்திலிருந்து விழுந்து சாகிறான். பார்க்கிற சனம் அதற்கும் கலங்குகிறது. ஆனால் அவனை மன்னித்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஏனென்றால் அவன் களரிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அதுவரை நாம் இருந்தது மற்ற வீட்டில், கோவலனும் கண்ணகையும் இருந்த வீட்டில். அவர்களின் கலியாணம், கைப்பொருள் போனது, மதுரைக்கு நடந்த வழி, கடைசியாகச் சமைத்துக் கொடுத்த சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு அரசனுக்கு எத்தனை பாட்டுக் கொடுத்தாலும், எவ்வளவு நல்ல நடிகரை அந்த வேடத்தில் விட்டாலும், நம் மனம் மற்றப் பக்கத்தில்தான் நிற்கும். இந்த ஒழுங்கைத்தான் நான் உங்களுக்குத் தர விரும்புகிறேன்.

குடும்பத்தைக் காட்டுவதே தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டமும் நீதிமன்றமும் பேருக்கு மட்டும் இருக்கிற நாட்டில் குடும்பம்தான் அரசாங்கம். ஈராக்கை ஆண்ட சதாம் ஹுசைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 மார்ச் 16 அன்று குர்து மக்களின் ஊரான ஹலப்ஜாவில் விஷவாயு வீசிச் சுமார் 5,000 பேரைக் கொன்ற நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்த அலி ஹசன் அல்-மஜீத், சதாமின் தகப்பனுடைய சகோதரனின் மகன். சதாமின் மூத்த மகளைக் கட்டிய ஹுசைன் கமெலுக்கு அதே அலி தகப்பனின் சகோதரன். இந்த மருமகன் 1995 ஆகஸ்டில் தன் தம்பியையும், இருவரின் மனைவிமாரையும் கூட்டிக்கொண்டு ஜோர்தானுக்கு ஓடினார். தம்பி கட்டியிருந்ததும் சதாமின் இன்னொரு மகளைத்தான். மன்னிப்புத் தருகிறோம் என்ற வாக்கை நம்பி 1996 பெப்ரவரியில் திரும்பி வந்தார்கள். வந்தவுடன் விவாகரத்து. சில நாட்களுக்குள் பக்தாத்தில் ஒரு வீட்டைச் சுற்றிவளைத்து இருவரையும் கொன்றார்கள். அந்த ஆட்களுக்குத் தலைமை தாங்கிப் போனவர், விஷவாயுவுக்குப் பொறுப்பாக இருந்த அதே அலி. குடும்பக் கௌரவத்தைக் காப்பாற்றினோம் என்று சொன்னார்கள். இரண்டு பெண்களும் தகப்பனாலேயே விதவையானார்கள்.

எந்த எழுத்தாளருக்கும் கை துடிக்கும். சகோதரிகள் இருவரும் ஒரு அறையில், வெளியே வாகனச் சத்தம், தாய் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கதவடியில். எழுதுங்கள், நன்றாக எழுதுங்கள். ஆனால் அந்த ஹுசைன் கமெல், 1991 மார்ச்சில் ஈராக்கின் கர்பலா நகரில் சதாமின் ஆட்சிக்கு எதிராகச் சனம் கிளர்ந்தெழுந்தபோது அதை நசுக்கப் போனவர்களின் முன்வரிசையில் நின்றவர். அந்தக் கர்பலாவை நீங்கள் முதலில் காட்டியிருந்தால், 1996 காட்சியில் பார்வையாளர் அழுதாலும் யாருக்காக அழுகிறோம் என்ற தெளிவோடு அழுவார். காட்டாமல் விட்டால், நம்பி வந்து ஏமாந்த ஒரு நல்ல மருமகனின் கதையாக அது முடிந்துவிடும். வசனத்தை எவ்வளவு திருத்தினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இந்தக் குடும்பத்தை வைத்து பிபிசியும் எச்பிஓவும் சேர்ந்து 2008இல் நான்கு பகுதிகளாக ஒரு தொடர் செய்தன. இகல் நாவோர் சதாமாக நடித்திருந்தார், திறமான நடிப்பு. பெரும்பாலான நேரம் நாம் குடும்பத்தோடும் தளபதிகளோடும்தான் இருக்கிறோம். நான் வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வீட்டில் இருந்து பார்த்தேன். ஒரு கட்டத்தில் என் மாமி, மகனைப் பறிகொடுத்தவர், "இவையின்ர வீட்டுக்குள்ள நடக்கிறதெல்லாம் எனக்கு விளங்குது தம்பி. அந்த ஊர்ச் சனம் எங்க?" என்று கேட்டார். நாடகம் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும் விட அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன்.

வன்னி பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். 90களில் இங்கே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியைச் சின்னதாக வைத்துப் படித்தோம். பற்றறியும் தடை என்பதால் சைக்கிளின் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். அந்தத் தடைப் பட்டியலை எழுதியவர்கள் எந்த அறையில் இருந்தார்கள், அன்றைக்கு அவர்கள் வீட்டில் யாருடைய பிறந்தநாள் என்று எங்களுக்குத் தெரியாது. ஊருக்குள்ளேயே இருந்து எங்களுக்குக் கட்டளையிட்டவர்களின் வீட்டுக்குள்ளும் நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. முடிவு மட்டும் எங்களிடம் வந்து சேரும். அதனால் அந்த மாதிரி அறைகளுக்குள் கமெரா போகவேண்டும் என்று மற்றவர்களைவிட எங்களுக்குத்தான் ஆசை அதிகம். எப்படி நடந்தது, யார் பேசாமல் இருந்தார்கள், யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொன்னாரா என்று பார்க்க வேண்டும் போல இருக்கிறது. சர்வாதிகாரியை வெறும் பூதமாகக் காட்டினால் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் வராது.

மாளிகையின் சமையல்காரரையோ வேலைக்காரப் பெண்ணையோ கதைசொல்லியாக வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்க்கோஸின் குடும்பம் 1986 பெப்ரவரியில் நாட்டைவிட்டு ஓடுவதற்கு முந்திய கடைசி மூன்று நாட்களை வைத்து 2022இல் ஒரு படம் வந்தது. அதில் மாளிகை வேலைக்காரப் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குடும்பத்தை நேசிக்கும் பெண்கள், படத்தின் ஆக்கத்தில் மார்க்கோஸின் மகளே பங்கெடுத்தார், படம் வெளிவந்தபோது மகன் ஜனாதிபதியாகி ஒரு மாதம்தான் கடந்திருந்தது. உங்கள் பயம் வீண்பயம் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி அதுதான். படலைக்கு உள்ளே நிற்கும் ஏழையும் உள்ளே நிற்பவர்தான். படலைக்கு வெளியே ஒரு வீடு வேண்டும்.

அந்த வெளிவீட்டுச் சனத்தைச் சாவதற்காக மட்டும் கூட்டிவராதீர்கள். இதைத்தான் என் மாணவர்களிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குண்டு விழும் காட்சிக்கு முன்னால் ஒரு நிமிடம் சிரிக்கவிட்டு உடனே கொன்றுவிடுகிற பழக்கம் எங்கள் பள்ளிக்கூட நாடகங்களிலும் இருக்கிறது. அவர்களுக்கும் சீதனச் சண்டை இருக்கட்டும், பொய் சொல்லட்டும், பக்கத்து வீட்டாரோடு எல்லை வேலிக்கு வழக்காடட்டும். மாளிகையில் ஒரு பிறந்தநாள் என்றால் இங்கேயும் ஒன்று. முதல் அத்தியாயத்தில் சர்வாதிகாரி வருவதற்கு முன்பே நாம் இவர்களோடு ஒரு முழு நாளைக் கழித்திருக்க வேண்டும்.

அப்புறம், உள்வட்டத்தை எழுதும்போது கத்தலையும் துப்பாக்கியையும் குறைத்துப் பயத்தை எழுதுங்கள். ஸ்டாலின் 1953 மார்ச் 1 அன்று மொஸ்கோவுக்கு வெளியே தன் வீட்டில் பக்கவாதம் வந்து தரையில் கிடந்தார். அழைக்காமல் உள்ளே போகக் காவலர்களுக்குத் துணிவில்லை. இரவாகித்தான் போய்ப் பார்த்தார்கள். 5ஆம் திகதி செத்தார். அந்த மூடிய கதவுக்கு வெளியே நின்றவர்களின் பகல் பொழுதை மட்டும் வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். அவருடைய செயலாளர் பொஸ்க்ரேபிஷெவின் மனைவியை 1939இல் பிடித்து 1941இல் சுட்டார்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகும் வருடக்கணக்காக ஸ்டாலினின் அறை வாசலில் இருந்து வேலை செய்தார். நீண்டகாலம் ஸ்டாலினுக்கு நெருக்கமான அமைச்சராக இருந்த மொலோடோவின் மனைவியை 1949இல் பிடித்தபோதும் மொலோடோவ் விசுவாசியாகவே இருந்தார். இப்படிப்பட்டவர்களைக் கோழை என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். மறுநாள் காலையில் அந்தச் செயலாளர் எப்படிச் சவரம் செய்துகொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார் என்று எழுதிப் பாருங்கள்.

1979 ஜூலை 22 அன்று ஈராக்கை ஆண்ட பாத் கட்சியின் கூட்டத்தில் சதாம் சுருட்டுப் பிடித்துக்கொண்டு இருக்க, பெயர்களை வாசிக்க வாசிக்க 60க்கும் மேற்பட்டவர்களை மண்டபத்திலிருந்து வெளியே கொண்டுபோனார்கள். அதை அவர்களே படம்பிடித்து வைத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் எழுந்து வாழ்க என்று கத்தினார்கள். பிறகு அவர்களில் சிலரின் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்துத் தோழர்களைச் சுடவைத்தார்கள். உள்வட்டம் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இங்கே கற்பனையைக் கலக்கவே வேண்டாம்.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் ஒரு சொல். பதிவில் உள்ள செயலுக்கு உண்மைப் பெயரைப் போடுங்கள். படுக்கையறை வசனத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள் என்றால், அதை உண்மைப் பெயரின் வாயில் வைக்காதீர்கள். மற்றதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார்.

முடிவை எங்கே வைப்பது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சதாமைத் தூக்கிலிட்ட 2006 டிசம்பர் 30 தூக்குமேடையில் முடிக்காதீர்கள். கடைசிக் காட்சியில் கயிற்றுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பவனுக்கு எந்த நடிகரும் ஒரு கம்பீரத்தைக் கொடுத்துவிடுவார். ஈராக்கில் ஹில்லா நகருக்குப் பக்கத்தில் அல்-மஹாவீலில் 2003 மே மாதம் மனிதப் புதைகுழியைச் சனம் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். 1991இல் காணாமல் போனவர்களை அடையாள அட்டையையும் உடுப்பையும் வைத்துத் தேடினார்கள். 2023 ஜூன் கடைசியில் இங்கே கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு மண் வெட்டியபோது எலும்புகளும் உடுப்புகளும் வந்ததைப் பார்த்த ஊர் எங்களுடையது. அதனால் நான் அந்தப் பக்கம் சாய்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம், அது உண்மைதான். ஆனால் நாடகமாகப் பார்த்தாலும் முதல் அத்தியாயத்தில் திறந்த வீட்டின் கணக்கை அங்கேதான் முடிக்க முடியும்.

எழுதி முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். குடும்பத்தையும் உள்வட்டத்தையும் சேராதவர்களின் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரே இருப்பில் வாசியுங்கள். அவை தாமாக நின்று ஒரு கதை சொன்னால் படப்பிடிப்புக்குப் போகலாம். இல்லையென்றால் மாளிகைக் காட்சிகளைத் தொடாமல் இந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எழுதுங்கள்.