திருப்பூர்ப் பனியனும் ஐந்தோவன் குளிரும்

தம்பி, செப்டம்பரில் நெதர்லாந்தில் ஐந்தோவனுக்கு வருகிறீர்கள், வேலை பக்கத்தில் வெல்டோவனில், தினமும் போக வர 14 கிலோமீட்டர் சைக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை டிகிரியில் சட்டைக்கு உள்ளே பேஸ் லேயர், அதாவது தோலை ஒட்டிப் போடும் உள்ளடுக்கு, போடத் தொடங்க வேண்டும், கோவையிலேயே தெர்மல் இரண்டு வாங்கி வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீடு, வங்கிக் கணக்கு, பொன்னி அரிசி. வீட்டைப் பற்றி, உங்களை வேலைக்கு எடுத்தவர்களிடம் இப்போதே கேளுங்கள்; வந்தபின் தேடினால் சிரமம். மற்றவற்றை வந்த வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள். பேஸ் லேயரைப் பற்றி மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒன்று: பருத்தி கலந்த தெர்மலை வாங்காதீர்கள். பஸ்ஸுக்காக நிற்பவருக்கு அது போதும்; மிதிப்பவருக்கு ஆகாது. மிதிக்கும்போது சூட்டை உடம்பே உண்டாக்கிக்கொள்ளும். உள்ளடுக்கின் முதல் வேலை வியர்வையைத் தோலிலிருந்து எடுத்து வெளி அடுக்குக்குக் கடத்திவிடுவதுதான். பருத்தி அதைச் செய்யாது. குடித்த தண்ணீரை வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். நான் திருப்பூர்க்காரி. அப்பா முப்பது ஆண்டுகள் பனியன் கம்பெனியில் இருந்தவர், நாங்கள் சாப்பிட்டதெல்லாம் பருத்தி போட்ட சோறு. அதனால் பருத்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சித்திரை வெயிலில் அந்த ஈரம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. அது ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதே குணம் இங்கே பிப்ரவரியில் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும்.

2012 பிப்ரவரி முதல் வாரம். நான் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நாடு முழுக்க வாய்க்கால்கள் உறைந்து கிடந்தன. வடக்கே ஃபிரீஸ்லாந்தில் பதினோரு ஊர்களைச் சுற்றி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உறைபனி மேல் சறுக்கும் பந்தயம் 1997க்குப் பிறகு அந்த ஆண்டாவது நடக்குமா என்பதுதான் அலுவலகத்தில் ஒரே பேச்சு. (கடைசியில் நடக்கவில்லை, பனிக்கட்டி சில இடங்களில் போதிய தடிமனுக்கு வரவில்லை.) அப்பா கொடுத்தனுப்பிய வெள்ளைப் பனியன், மேலே இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் மேல் தடித்த ஜாக்கெட் என்று கிளம்பினேன். முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருந்தது. பாதி வழியில் முதுகு நனைந்துவிட்டது. அலுவலகத்தில் ஜாக்கெட்டைக் கழற்றினேன், பனியனைக் கழற்ற முடியுமா? மாலையில் அது அரை ஈரமாக இருக்கும்போதே திரும்பக் கிளம்பினேன். கிழக்குக் காற்று, வெல்டோவனிலிருந்து வீட்டுக்கு வரும் வழி முழுக்க நேர் எதிரே. ஒரு சிக்னலில் நின்றேன். மிதிப்பதை நிறுத்திய அந்த ஒரு நிமிடத்தில் முதுகுத்தண்டில் யாரோ ஈரத்துணியை இழுத்துவிட்டது போல் இருந்தது. வீட்டு வாசலில் சாவியைத் துளையில் நுழைக்க விரல் வளையவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினேன். உள்ளே வந்தும் அரை மணி நேரம் பற்கள் தந்தியடித்தன.

மறுநாள் நான் ஹீட்டரை ஒட்டியே நிற்பதைப் பக்கத்து மேசை டச்சு அம்மா பார்த்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு வார்த்தை கேட்காமல் என் ஸ்வெட்டர் கழுத்தை விலக்கி, பனியன் விளிம்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "காதூன்" என்றார், பருத்தி என்று அர்த்தம். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் என் மேசை மேல் ஒரு காகிதப் பை. உள்ளே சாம்பல் நிறத்தில் முழுக்கை மெரினோ கம்பளிச் சட்டை, மல்துணி போல மெலிசு. இது என்ன குளிரைத் தாங்கும் என்றுதான் நினைத்தேன். அதன் மேல் ஒரே ஒரு ஸ்வெட்டரும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் போட்டுப் போனேன். சிக்னலில் நின்றேன். முதுகு உலர்ந்திருந்தது.

இப்போது உங்கள் டிகிரிக் கணக்கு. 15க்கு மேல் உங்கள் தூரத்துக்கு உள்ளடுக்கே வேண்டாம். 10 முதல் 15 வரை, மழை ஜாக்கெட் போட வேண்டிய நாளில் மட்டும் மெல்லிய அரைக்கை, ஏனென்றால் அந்த ஜாக்கெட்டுகள் பலவும் வியர்வையை வெளியே விடாது. 10க்குக் கீழே முழுக்கை, 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதும். 3, 4 டிகிரிக்கு வந்துவிட்டால் 200 ஜிஎஸ்எம் சட்டையும் காலுக்கு ஓர் உள்ளடுக்கும் வேண்டும். வானிலை அறிக்கை 5 டிகிரி என்றால் 5 என்று நம்பிவிடாதீர்கள். 20 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிக்கும்போது உடம்புக்கு அது ஏறத்தாழ 1 டிகிரி. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவது, ஆகவே பல நாள் காலையில் போகும்போதே எதிர்க்காற்றாக இருக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே ஹோவன்ரிங் என்று சாலைக்கு மேலே கம்பிகளில் தொங்கும் வட்டமான சைக்கிள் பாலம், 2012இல் திறந்தது, இருக்கிறது. அதன் மேல் ஏறினால் காற்றை மறைக்க ஒரு மரம் கிடையாது. மின்சார சைக்கிள் வாங்கினால் வியர்வை குறையும், குளிர் கூடும். நான் சொன்ன கணக்கில் மூன்று டிகிரி முன்னதாகவே தொடங்குங்கள். உறைந்த, உலர்ந்த நாளைவிட 6 டிகிரியில் விடாமல் பெய்யும் மழை மோசமானது. அந்த நாளில் மாற்று உள்ளடுக்கு ஒன்று பைக்குள் இருக்கட்டும். கிளம்பிய பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் கூடுதலாகப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

நம் ஆட்கள் சிலர் வேறு மாதிரி சொல்வார்கள். முதல் குளிர்காலத்திலேயே கார் வாங்கிவிட்டு, "இந்தக் குளிரில் சைக்கிளா, மூன்று ஸ்வெட்டர் போடு" என்று அறிவுரை சொல்பவர்கள் எல்லாத் தமிழ் விழாக்களிலும் இருக்கிறார்கள். பத்து ஆண்டு இங்கே இருந்தும் எதிர்க்காற்று என்றால் என்னவென்று தெரியாதவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் நான் அந்த இரண்டு ஸ்வெட்டரைப் போட்டேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. மழைக்கு ஒதுங்கினால் டச்சுக்காரர்கள் "நீ சர்க்கரையால் செய்த ஆள் இல்லையே" என்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை மழையில் பள்ளிக்கு மிதிக்கும் ஊர் இது. இத்தனை ஆண்டுகளில் நானும் ஒரு குளிர்காலம்கூட சைக்கிளை நிறுத்தி வைக்கவில்லை.

வாங்கும்போது உடம்போடு ஒட்டுகிற அளவாக வாங்குங்கள். தொளதொளவென்று இருந்தால் வியர்வையை எடுக்காது. குனிந்து மிதிக்கும்போது இடுப்பு வெளியே தெரியாத நீளம் வேண்டும். பாலியஸ்டரும் வேலை செய்யும், விலை குறைவு, ஆனால் இரண்டே நாளில் நாறும். எந்த பிராண்டாக இருந்தாலும் சரி. துவைக்கும்போது சாஃப்ட்னர் மட்டும் ஊற்றாதீர்கள்.

அந்தச் சாம்பல் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. முழங்கையில் அந்துப்பூச்சி அரித்த இடத்தை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறேன். 2016இல் அப்பா வந்திருந்தபோது கொடியில் காய்ந்துகொண்டிருந்த அதைப் பார்த்தார். அதே போல இரண்டு விரலால் தேய்த்தார். இழுத்து விட்டுப் பார்த்தார். உள்பக்கம் திருப்பி, "ஃபிளாட்லாக் போட்டிருக்கிறான், தையல் உறுத்தாது" என்றார். "இது கம்பளியா கண்ணு?" என்று இரண்டு முறை கேட்டார். வந்ததும் அவர் எனக்காக ஒரு டஜன் பருத்திப் பனியனைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். அதைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் கிளம்பும்போது வாசலுக்கு வந்து, ஜாக்கெட் கழுத்துக்குள் விரலை விட்டு, சாம்பல் சட்டையைத்தான் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.