ரூஷேவிச்சின் வறண்ட மொழி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்துக் கவிஞரும் நாடகாசிரியருமான ததேயுஷ் ரூஷேவிச்சின் கவிதைகள் சிலவற்றை ஆங்கிலம் வழியாக வாசித்தேன். செய்தித்தாள் வரிகளை முறித்து அடுக்கியதுபோல வறட்சியாக இருந்தன. நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸுக்குப் பின் கவிதை எழுதுவது காட்டுமிராண்டித்தனம் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி அடோர்னோவின் கூற்றைச் செயல்படுத்திக் காட்டிய, கவிதையையே மறுத்த எதிர்கவிஞர் அவர் என்கிறார் என் நண்பர். கவிதை செத்துவிட்டது என்று நம்பியவர் முதுமை வரை ஏன் எழுதிக்கொண்டிருந்தார்? அவருடைய நாடகங்களிலிருந்து தொடங்கலாமா? நோபல் பரிசு அவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

ம.

அன்புள்ள ம.,

ரூஷேவிச் தன் தாயின் மறைவைப் பற்றித் தொகுத்த ‘அம்மா விடைபெறுகிறாள்’ என்ற நூலை மீண்டும் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் இவ்வளவு விரிவாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன். நோபல் பரிசுக் கேள்வியை விட்டுவிடுவோம். பரிசுக் குழுவின் கணக்குகளை ஆராய்ந்து ஒரு கவிஞனை நெருங்க முடியாது. ஆங்கிலம் வழியாக வாசிப்பதிலும் தவறில்லை.

ஆனால் நண்பர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்புவதற்கு முன் ஆண்டுகளையாவது நீங்கள் சரிபார்த்திருக்க வேண்டும். அடோர்னோவின் அந்தக் கூற்று இடம்பெற்ற கட்டுரை 1949இல் எழுதப்பட்டு 1951இல் வெளியானது. ரூஷேவிச்சின் ‘அமைதியின்மை’ தொகுப்பு 1947இலேயே வந்துவிட்டது. தனக்கு இருபத்து நான்கு வயது என்றும், வெட்டுவதற்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தான் உயிர் தப்பியதாகவும் சொல்லும் ‘உயிர் பிழைத்தவன்’ கவிதை அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. ஒரு தத்துவவாதியின் வாக்கியத்துக்கு விளக்கப்படமாக ஒரு கவிஞனை மாட்டி வைப்பது சோம்பேறி வாசிப்பு. அது நம் விமர்சகர்களிடம் தொற்றுநோயாகப் பரவியிருக்கிறது. அதை உங்களிடமும் காண்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அவருடைய மொழி எங்கிருந்து வந்தது என்பதற்குத் தத்துவ நூல் எதுவும் தேவையில்லை. ராதோம்ஸ்கோ என்ற சிறு நகரத்தில் 1921இல் பிறந்தவர் அவர். வீட்டில் முதல் கவிஞர் அவரல்லர், அண்ணன் யானுஷ். தம்பிக்குக் கவிதையைக் காட்டிக்கொடுத்ததும் அந்த அண்ணன்தான். நாஜி ஆக்கிரமிப்பின்போது இருவரும் தலைமறைவு எதிர்ப்பு இயக்கமான தாயகப் படையில் சேர்ந்தார்கள். ததேயுஷ் காட்டில் ஆயுதம் ஏந்தினார். யானுஷ் 1944இல் நாஜிகளின் ரகசியக் காவல்படையான கெஸ்டபோவிடம் பிடிபட்டு அதே ஆண்டு கொல்லப்பட்டார். அண்ணன் எழுதியிருக்க வேண்டிய கவிதைகளின் இடத்தில் உட்கார்ந்து தம்பி எழுதத் தொடங்குகிறார். அந்த இடத்தில் உட்கார்ந்தவருக்கு உவமையும் ஓசையும் கூசியிருக்கும் என்பதை உணர்வதற்குப் பெரும் படிப்பு வேண்டுமா? அழகின் மீது அவருக்கு நம்பிக்கை போயிற்று, உண்மைதான். ஆனால் அதே ‘உயிர் பிழைத்தவன்’ கவிதையின் முடிவை வாசித்தீர்களா? தனக்குப் பார்வையையும் செவியையும் பேச்சையும் திருப்பித் தரவும், பொருள்களுக்கு மீண்டும் பெயரிடவும், ஒளியையும் இருளையும் பிரித்துக் காட்டவும் ஓர் ஆசானை அவர் தேடுகிறார். கவிதை செத்துவிட்டது என்று கைகழுவியவர் ஆசானைத் தேட மாட்டார். நீங்கள் வறட்சி என்று எழுதியது, மொழியை முதலிலிருந்து கற்றுக்கொள்ளும் ஒருவரின் எச்சரிக்கை.

நாடகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். 1960இல் வார்சாவில் மேடையேறிய ‘அட்டைக் கோப்பு’ நாடகத்தில் நாயகன் பெரும்பாலும் கட்டிலில் படுத்தே இருக்கிறான். அவன் அறை வழியாகவே ஒரு தெரு போவதுபோல ஆட்கள் வந்துபோகிறார்கள். வளர்ந்துவிட்ட மகனைப் பெற்றோர் சர்க்கரை திருடித் தின்ற சிறுவனாகப் பாவித்துக் கண்டிக்கிறார்கள். முதியோர் குழு ஒன்று, நாடகம் என்றால் ஏதாவது நடக்க வேண்டும், எழுந்து எதையாவது செய் என்று அவனை நச்சரிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகக்குழு இதை நடித்ததைப் பார்த்தேன். கட்டிலை உயரமான மேடையில் ஏற்றி, சிவப்பு விளக்கு போட்டு, குண்டு வெடிக்கும் ஓசையைப் பின்னணியில் ஓடவிட்டு, நாயகனை அடித்தொண்டையில் கத்த வைத்திருந்தார்கள். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த முதியோர் குழு கேட்டதையே இயக்குநரும் செய்து கொடுத்துவிட்டார்! போரில் செத்தவர்களைப் பின்னணி இசையாக்கக் கூடாது என்பதற்காகத்தான் ரூஷேவிச் அவனைச் சாதாரணக் கட்டிலில் படுக்க வைத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

காட்டில் தன்னோடு இருந்தவர்களையும் அவர் வீரச்சிலைகளாக்கவில்லை. 1979இல் மேடைக்கு வந்த ‘மண்ணுக்குள்’ நாடகத்தில் வாலுஷ் என்ற கிராமத்து இளைஞன், குற்றம் சாட்டப்பட்டுத் தன் சொந்தப் படையினராலேயே கொல்லப்படுகிறான். தாயகப் படையின் பழைய வீரர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய வலியை நான் மதிக்கிறேன். ஆனாலும் ரூஷேவிச்சின் பக்கமே நிற்கிறேன். அந்தக் காட்டில் குளிரையும் பேனையும் பயத்தையும் தாங்கியவர் எழுதிய நாடகம் அது.

எதை முதலில் வாசிப்பது என்பதற்கு வருகிறேன். 1999இல் வெளிவந்து மறு ஆண்டு போலந்தின் நீக்கே இலக்கிய விருதைப் பெற்ற ‘அம்மா விடைபெறுகிறாள்’ நூலை எடுங்கள். தாய் ஸ்டெஃபானியா 1957இல் நோயுற்று இறந்த காலத்தின் நாட்குறிப்பு அதில் இருக்கிறது. கவிதைகளுடன், தன் கிராமத்துக் குழந்தைப்பருவத்தைப் பற்றி அந்தத் தாய் எழுதிய பக்கங்களையும் மகன் அதில் சேர்த்திருக்கிறார். கொல்லப்பட்ட அண்ணனின் எழுத்தும், திரைப்பட இயக்குநரான தம்பி ஸ்தானிஸ்லாவின் நினைவுகளும் கூட உண்டு. புகழ்பெற்ற கவிஞர் ஒருவர் தன் நூலில் இத்தனை பேருக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பதை நான் அதிகம் கண்டதில்லை. தொடக்கப் பக்கங்களில் ஓரிடம் இருக்கிறது. தான் ஒரு கவிஞன் என்று தந்தையிடம் ஒருபோதும் சொன்னதில்லை என்கிறார். சொல்லியிருந்தாலும், செய்தித்தாள் படித்துக்கொண்டோ, சாப்பிட்டுக்கொண்டோ, காலணியைத் துடைத்துக்கொண்டோ, என்னடா சொல்கிறாய் என்று அவர் கேட்டிருப்பார் என்கிறார். குறையாக அல்ல, அவ்வளவு அன்போடு.

அந்தப் பக்கங்களையும் நோய்க்கால நாட்குறிப்பையும் அவசரப்படாமல் வாசியுங்கள், ம. வாசித்த பிறகும் வறட்சி என்றே தோன்றினால், எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அவரை எதிர்கவிஞர் என்று சொன்ன நண்பருக்கும் அந்த நாட்குறிப்பை வாசித்துக் காட்டுங்கள்.