கோவை ரயிலுக்குக் கோத்தகிரி வரியா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கோத்தகிரிப் பக்கம் ஓர் அட்டியில் (படுகர் கிராமம்) ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலத்துக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விடப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் மாநில அரசும் பணம் போட வேண்டுமாம். மாநில அரசின் பணம் என்றால் அதில் என் காசும் இருக்கிறதே? பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். நாலு நாள் மழை சேர்ந்து பெய்தால் எங்கள் ஊருக்கு பஸ் வருவதில்லை. மலையைத் தொடாத ரயிலுக்கு மலைக்காரன் ஏன் வரி கட்ட வேண்டும்? ஏறுகிறவன் கட்டட்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பி.கு.: மே மாதம் பேத்தி வருகிறாள், ஆறு வயது. மலை ரயில் காட்ட வேண்டும். குன்னூரில் ஏறி ஊட்டி வரை போனால் போதுமா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதியைப் பற்றிக் கொஞ்சம் சண்டை போடலாம் என்றிருக்கிறேன்.

முதலில் விஷயம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் மூன்று தடங்களைச் சொன்னார்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் 167 கிலோமீட்டர், சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வேலூர் 140, கோவை–சேலம் 185. அறிவித்தது சாத்தியக்கூறு ஆய்வு. புல்லட் ரயில் என்று டீக்கடையில் பேசுகிறோமே, அது வேறு சாதி. இது டில்லி–மீரட் தடத்தில் ஓடுகிறதே, அந்த நமோ பாரத் ரயில் மாதிரி. உங்கள் வீட்டு வரி ரசீதில் இதற்காக ஒரு பைசா ஏறவில்லை. ஆனாலும் கேள்வியை இப்போதே கேட்பதுதான் சரி. தண்டவாளம் போட்ட பிறகு கேட்டு என்ன பயன்?

'ஏறுகிறவன் கட்டட்டும்' என்கிறீர்கள். ரயில் டிக்கெட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்து வந்ததைப் பார்த்திருப்பீர்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் டிக்கெட்டில் வசூலாகிறது என்று. மீதியைக் கட்டியவர்களில் ரயிலையே பார்க்காத கூடலூர்க்காரரும் இருக்கிறார். அது போகட்டும், நம் மலை ரயிலையே எடுங்கள். 1885-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள், பணம் போதாமல் மூழ்கியது. 1896-ல் இன்னொரு கம்பெனி வந்தது. 1899-ல் குன்னூருக்கு ரயில் ஏறியது. 1903-ல் அரசாங்கம் அதை வாங்கிக்கொண்டது, 1908-ல் ஊட்டி வரை நீட்டியது. 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். லாப நஷ்டக் கணக்குத்தான் முடிவு என்றால் அதை எந்தக் காலத்திலோ பெயர்த்து இரும்பு விலைக்குப் போட்டிருப்பார்கள். இத்தனைக்கும் அது கோத்தகிரி வழியாகப் போகிற ரயில்கூட இல்லை. உங்களுக்கும் எனக்கும் அதன் கூவல் காதில் விழுவதோடு சரி.

இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். நம் மாவட்டத்தில் வசூலான வரியை மட்டும் வைத்து அதைக் கட்டியிருக்க முடியுமா? திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், 'ஊட்டிக்காரன் காய்ச்சலுக்கு நான் ஏன் ஆஸ்பத்திரி கட்டணும்?' என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? உங்கள் வாதத்தை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

ஆனால் இதோடு விட்டுவிட்டால் நான் கோவைக்காரர்களின் வக்கீல் ஆகிவிடுவேன். ஆஸ்பத்திரி வேறு, அதிவேக ரயில் வேறு. ஆஸ்பத்திரி வந்ததால் யாருடைய காலி மனையும் மூன்று மடங்கு விலை ஏறிவிடாது (கொஞ்சம் ஏறும், அது இருக்கட்டும்). ரயில் நிலையம் வருகிறது என்ற பேச்சு கிளம்பினாலே போதும், சுற்றிலும் பூமி வாங்க ஆள் வந்துவிடுவார்கள். அந்த லாபம் யாருடைய உழைப்பும் அல்ல. உங்கள் காசும் என் காசும் அங்கே போய் அவருடைய சென்ட் விலையாக மாறுகிறது. வரியை முதலில் அங்கே போட வேண்டும். மகாராஷ்டிரத்தில் மும்பை, புனே, நாகபுரிப் பக்கம் பத்திரப் பதிவில் மெட்ரோவுக்கென்று 1 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள். மனை விற்கிற இடத்தில், பணம் கைமாறுகிற அன்றைக்கே எடுத்துக்கொள்வது. நம் பத்திரப்பதிவு ஆபீஸில் அதைச் செய்வதற்கு வானத்திலிருந்து யாரும் இறங்கி வர வேண்டியதில்லை.

அதே மகாராஷ்டிரம்தான் உங்கள் கேள்விக்கு நேர் உதாரணமும். மும்பை–ஆமதாபாத் புல்லட் ரயில் கம்பெனியின் 20,000 கோடி மூலதனத்தில் மத்திய அரசு 10,000 கோடி, குஜராத் 5,000 கோடி, மகாராஷ்டிரம் 5,000 கோடி. மாநிலத்தின் கிழக்குக் கோடியில், காட்டுக்குள் இருக்கும் கட்சிரோலி மாவட்டத்துக்காரர் வாங்குகிற சோப்பிலும் அந்த 5,000 கோடியில் ஒரு துளி இருக்கிறது. அவருக்கு மும்பை எங்கே, ஆமதாபாத் எங்கே? நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் மராத்தியில் எழுதியிருக்கலாம். டில்லி–மீரட் தடத்திலும் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. தன் பங்கைக் கட்டாமல் இழுத்த டில்லி அரசிடம், விளம்பரத்துக்கு மட்டும் பணம் இருக்கிறதா என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கேட்டு, 415 கோடியைக் கட்ட வைத்தது. மாநிலம் ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு மூச்சு விட வழியில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்று தேடியபோது எனக்குப் பிடித்த கணக்கு பிரான்சுடையது. போர்தோவிலிருந்து துலூஸுக்கு அதிவேகத் தடம் போடுகிறார்கள். அரசு 40 சதவீதம், உள்ளூர் நிர்வாகங்கள் 40, ஐரோப்பிய ஒன்றியத்திடம் எதிர்பார்ப்பது 20. உள்ளூர்ப் பங்கில் ஒரு பகுதிக்குத் தனி வரி. யார் மேல் தெரியுமா? ரயில் நிலையத்துக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்கள். அப்படி 2,340 ஊர்கள். அந்தக் கோட்டை நம் வரைபடத்தில் கோவையை நடுவில் வைத்து வரைந்து பாருங்கள். மேட்டுப்பாளையம் உள்ளே வருகிறது. கோத்தகிரி வராது, மேட்டுப்பாளையத்திலிருந்து நம் ஊருக்கு ஏறவே ஒரு மணி நேரம் ஆகிறதே. ஆக பிரெஞ்சுக்காரன் கணக்கில் நீங்களும் நானும் தப்பித்தோம். ஆனால் அவன் தங்கும் விடுதி வரியின் மேலும் 34 சதவீதம் கூடுதலாகப் போட்டிருக்கிறான். அதை இங்கே கொண்டுவந்தால் ஊட்டி லாட்ஜ்காரர்கள் உங்களைவிட நீளமாகக் கடிதம் எழுதுவார்கள்.

ஜப்பானில் சாகா என்று ஒரு மாவட்டம். அந்த நாட்டில் புதிய ஷின்கான்சென் (அவர்களுடைய புல்லட் ரயில்) தடம் என்றால், ரயில் கம்பெனி கட்டும் வாடகை போக, மத்திய அரசு மூன்றில் இரண்டு பங்கும் அந்தந்த மாவட்டம் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். நாகசாகிக்குப் போகும் தடம் சாகாவைத் தாண்டித்தான் போக வேண்டும். சாகாக்காரர்கள் யோசித்தார்கள். பக்கத்துப் பெருநகரத்துக்குப் போக ஏற்கெனவே இருக்கும் விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆவதில்லை. மிச்சமாகிற சில நிமிடங்களுக்கு இத்தனை காசா, அதோடு பழைய ரயிலையும் குறைத்துவிட்டால்? ஒப்புக்கொள்ள மாட்டோம் என்றார்கள். 2022 செப்டம்பரில் 66 கிலோமீட்டர் தடம் மட்டும் தனித் துண்டாகத் திறந்தது. நாகசாகி போகிறவர்கள் இன்றைக்கும் நடுவில் இறங்கி ரயில் மாறுகிறார்கள். சாகாவைச் சுயநலம் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குக் கேட்பது, பணம் கொடுக்கிறவனின் உரிமை.

நாமும் அந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும். போன ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபின் கோவையில் மறுபரிசோதனை முடித்து, மாலை ரயிலில் மேட்டுப்பாளையம் வந்தோம். ரயில் நேரத்துக்குத்தான் வந்தது. ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்பு. அம்மா என் முழங்கையைப் பிடித்தபடி தரையைக் காலால் தடவித் தடவித்தான் நடப்பார். பஸ் ஸ்டாண்ட் வாசலுக்கு நாங்கள் போகவும் கோத்தகிரி பஸ் வளைந்து வெளியே போகவும் சரியாக இருந்தது. கையைக் காட்டினேன். டிரைவர் பார்த்தார், வண்டி நிற்கவில்லை. அடுத்தது ஒரு மணி பத்து நிமிடம் கழித்து. தூறல் வேறு. அவித்த வேர்க்கடலை விற்ற பையன் அம்மாவுக்கு உட்காரத் தன் ஸ்டூலைக் கொடுத்தான். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அம்மா கேட்டது, "ரெயிலு வர்ற நேரம் பஸ்ஸுக்காரனுக்குத் தெரியாதாடா?"

கோவை–சேலம் தடத்தில் எத்தனை நிமிடம் மிச்சமானாலும் அதை மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தொலைப்பதற்கு நான் வரி கட்ட மாட்டேன். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் இன்றைக்கும் ஒற்றைத் தடம். அதை இரட்டையாக்குவதும், மலை பஸ்ஸின் நேரத்தை ரயிலோடு முடிச்சுப் போடுவதும் அந்தத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தால், என் காசை எடுத்துக்கொள்ளட்டும். முதலில் நிலையத்தைச் சுற்றி மனை வைத்திருப்பவரிடம் வாங்கிவிட்டு, அப்புறம் என்னிடம் வரட்டும். ஊராட்சி வீட்டு வரியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்குமே பத்தாத காசு. ஆய்வறிக்கை வெளியாகும்போது பயணிகள் எண்ணிக்கை போட்ட பக்கத்தைப் புரட்டி, மேட்டுப்பாளையம் என்ற பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிராம சபையில் நீங்கள் கொண்டுவருகிற தீர்மானத்துக்கு நானும் கை தூக்குகிறேன்.

தேயிலை விலை பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அதையும் ரயிலையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது.

பேத்தி விஷயம். குன்னூர்–ஊட்டி வழி அழகுதான், ஆனால் அந்தப் பக்கம் டீசல் இஞ்சின். பல்சக்கரம் பிடித்து ஏறுவது கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். அதைக் காட்டாமல் மலை ரயில் காட்டியதாகக் கணக்கு வைக்க முடியாது. மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் காலை 7.10 வண்டிக்காக விடியுமுன் மலை இறங்கிக் குழந்தையைப் படுத்த வேண்டாம். மதியம் ஊட்டியிலிருந்து வரும் வண்டியில் குன்னூரில் ஏறிக் கீழே இறங்குங்கள். மே மாதம் என்பதால் 60 நாளுக்கு முன்பே டிக்கெட் போட்டுவிடுங்கள். பெட்டிக்குப் பெட்டி முன்னால் நின்று பிரேக் பிடிப்பவர்களை அவளுக்குக் காட்டுங்கள், குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம். கோத்தகிரி பஸ் போய்விட்டிருந்தால் வேர்க்கடலைப் பையன் பஸ் ஸ்டாண்ட் வாசலுக்கு இடது பக்கம் இருப்பான்.