குவைத்தில் தூசிக் காற்று: புயலைவிட மறுநாளுக்குப் பயப்படுங்கள்

தம்பி, ஏப்ரலில் குடும்பத்தோடு குவைத் வருகிறீர்கள். மங்காஃப் பக்கம் வாடகை எவ்வளவு, நான்கு வயதுப் பையனுக்கு எந்தப் பள்ளி நல்லது என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில், "வீட்டுக்காரம்மாவுக்கு லேசா வீசிங் இருக்கு அண்ணா, அங்க தூசிப் புயல் வீடியோவில காட்டுற அளவுக்கு மோசமா?" என்று ஒரு வரி. வாடகையும் பள்ளியும் உங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பாலைவனம் என்றதும் எல்லோரும் மணலை நினைத்துக்கொள்கிறார்கள். மணல் கனமானது, காற்று ஓய்ந்ததும் கீழே விழுந்துவிடும். இங்கே நெஞ்சைக் கெடுப்பது மணல் இல்லை. பெரும்பாலும் தெற்கு ஈராக்கின் காய்ந்த சமவெளியிலிருந்து வடமேற்குக் காற்று கிளப்பிக்கொண்டு வரும் வண்டல். விரலில் தொட்டால் முகப்பவுடர் மாதிரி வழவழவென்று இருக்கும். இதை இந்த ஊர்க்காரர்கள் 'குபார்' என்கிறார்கள். மார்ச் கடைசியிலிருந்து மே வரை இடி, மழை, தூசி மூன்றும் சொல்லாமல் கொள்ளாமல் வரும் காலம். அதற்கு 'சராயாத்' என்று பெயர். அது முடிந்தால் ஜூன், ஜூலையில் 'ஷமால்' காற்று. சுவர் மாதிரி எழுந்து வராது, ஆனால் நாள்கணக்கில் வானம் வெளுத்துப்போய்த் தொங்கும். நீங்கள் வரும் ஏப்ரல் சராயாத்துக்கு நட்டநடுவில் இருக்கிறது.

வீடியோவில் காட்டுவது பொய்யில்லை. 2011 மார்ச் 25, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வந்ததை நான் பால்கனியில் நின்று பார்த்தேன். பல மாடிக் கட்டடங்களைவிட உயரமாக ஒரு செம்பழுப்பு மதில், சத்தமே இல்லாமல் உருண்டு வந்தது. சில நிமிடங்களில் சாயங்காலம் நடுராத்திரி ஆகிவிட்டது. ஜன்னலைச் சாத்தி, மனைவியையும் மூன்று வயது மகளையும் உள் அறையில் உட்கார வைத்தேன். அன்றிரவு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வெயில் அடித்தது, எல்லோரும் "போச்சு, முடிஞ்சது" என்றார்கள். என் மனைவி துடைப்பத்தை எடுத்து வீடு முழுக்கப் பெருக்கினாள், மெத்தையைத் தட்டினாள், திரைச்சீலைகளை உதறினாள். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மூச்சு விட முடியாமல் கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்தவள், விடியும்வரை படுக்கவில்லை. கிளினிக்கில் நெபுலைசர் வைக்க வரிசையில் நின்றோம். வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு வீடு பெருக்கிய பெண்கள்.

அதனால் சொல்கிறேன், புயல் அடிக்கும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் தூசி இறங்கிய பிறகும், கண்ணுக்குத் தெரியாத பொடி காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் படிந்தது ஒவ்வொரு உதறலுக்கும் மறுபடி எழும். குவைத் வீட்டில் காய்ந்த துடைப்பமே இருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அதையும் வீசிங் இல்லாதவர்தான் செய்ய வேண்டும். அந்த வேலை உங்களுடையது, தம்பி. வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினான்கு வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் அது என் வேலை.

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பற்றி யாருமே சொல்வதில்லை. தூசி நாளில் அதைப் போட்டால் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்குகளிலிருந்தெல்லாம் புழுதியை வீட்டுக்குள் இழுக்கும். நிறுத்திவிட்டு அதன் வாயை மூடிவிடுங்கள். குளியலறை ஃபேனும் அப்படித்தான். கதவடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வையுங்கள். ஸ்பிளிட் ஏசி ஓடலாம், ஆனால் பில்டரை நீங்களே கழற்றிக் கழுவுங்கள். கட்டடத்துக் காவலாளி, அதாவது ஹாரிஸ், செய்வார் என்று காத்திருந்தால் அடுத்த புயல் வந்துவிடும். முதல் தடவை நான் பக்கெட்டில் முக்கி எடுத்தபோது தண்ணீர் கெட்டிப் பால் டீ நிறத்தில் இருந்தது, அடியில் ஒரு விரல்கடை சேறு. அதற்குள் புகுந்து வந்த காற்றைத்தான் ஒரு பருவம் முழுக்கச் சுவாசித்திருக்கிறோம். மாஸ்க் என்றால் என்95, முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். நீலநிறத் துணி மாஸ்க் எச்சிலைத் தடுக்கும், இந்தப் பொடியைத் தடுக்காது.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஊரிலேயே நெஞ்சு மருத்துவரைப் பார்த்து, தினசரி இன்ஹேலர் வேண்டுமா, எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டு, சீட்டை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, கோடீன் என்ற போதை தரும் மருந்து கலந்த இருமல் சிரப்பைப் பெட்டியில் போட்டு எடுத்து வராதீர்கள். நம் ஊர் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைத்ததே என்று கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

மங்காஃப் என்றீர்கள். தெற்கே ஷுஐபா, மினா அப்துல்லா, மேற்கே அகமதி, எல்லாம் எண்ணெய் வேலை நடக்கும் இடங்கள். தூசியில்லாத நாளிலும் காற்று திரும்பினால் வாடை வரும். உங்கள் வேலையிடம் அந்தப் பக்கம் என்றால் வேறு வழியில்லை. இல்லையென்றால் சால்மியா பக்கமும் பாருங்கள். அங்கும் வாகனப் புகை உண்டு.

இங்கே வந்ததும் நம் ஆட்கள் ஒன்று சொல்வார்கள்: "ரெண்டு வருஷம் போனா பழகிடும்." அதை மட்டும் நம்பாதீர்கள். நமக்குத்தான் பழகும், நுரையீரலுக்குப் பழகாது. 1991-ல் அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்து, பகலில் விளக்குப் போட்ட காலத்தைப் பார்த்த பெரியவர்கள் சிலர், "அதையே தாங்கினோம், இது என்ன?" என்பார்கள். அவர்கள் தாங்கியது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதே பெரியவர்களில் மூன்று பேரோடு நான் ஒரே அறையில் இருந்தேன். விடியற்காலையில் அவர்கள் இருமுவதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பேன். இன்னும் சிலர் புயல் வரும்போது மொட்டை மாடிக்குப் போய் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். 2022 மே மாதம் விமானங்களை நிறுத்தி, பள்ளிகளை மூடியபோதும் எங்கள் கட்டடத்தில் அது நடந்தது. ஊரில் அதைப் பார்க்கும் தாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டாமா?

நான் வந்தது 2001 ஏப்ரல். பட்டுக்கோட்டையிலிருந்து வந்து ஒன்பதாவது நாள், மினா அப்துல்லாவில் குழாய் வேலை. மத்தியானம் வடமேற்கே வானம் கறுத்தது. நம் ஊர்க் கோடை மழைதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மற்றவர்கள் கன்டெய்னருக்குள் ஓட, நான் மட்டும் மண்வாசனைக்காக வெளியே நின்றேன். மண் வந்தது, வாசனை வரவில்லை. பிறகு நாலு சொட்டு மழையும் விழுந்தது, சட்டையில் ஒவ்வொரு சொட்டும் சேற்றுப்பொட்டு. பல் நறநறவென்றது, கண்ணைத் திறக்க முடியவில்லை. எகிப்துக்கார ஃபோர்மேன் ஒருவர் ஓடிவந்து, தன் தலையில் கட்டியிருந்த சிவப்புக் கட்டம்போட்ட துணியை அவிழ்த்து, கேன் தண்ணீரில் நனைத்து என் முகத்தில் சுற்றி, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். அவர் பேசிய அரபியில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அன்றிரவு கேம்ப்பில் எழுந்து விளக்கைப் போட்டால், தலையணையில் என் தலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

டிக்கெட் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் ஏப்ரலில் நீங்கள் மட்டும் வாருங்கள். தங்கச்சியும் பையனும் நவம்பரில் வரட்டும். முதல் குளிர்காலம் அவருக்கு நன்றாகப் போகும், சராயாத் வருவதற்குள் வீட்டை நீங்கள் சரிசெய்து வைத்திருப்பீர்கள். பிளாட் பார்க்கும் அன்று என்னையும் கூப்பிடுங்கள். ஜன்னல் சட்டத்து இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.