தியானம் போதும், தண்ணீரை மாற்றுங்கள்

கேள்வி: ஓவியம் ஒரு தியானம் என்கிறார்கள். நானும் தூரிகை எடுக்கமுன் அரைமணி நேரம் கண்மூடி இருக்கிறேன். படம் முழுதாய் உள்ளே தெரிந்த பிறகே அக்ரிலிக் வண்ணத்தைத் தொடுகிறேன். பலகையில் ஏறியதும் எல்லாம் சேற்று நிறமாகிறது. இன்னும் ஆழமாகத் தியானிக்க வேண்டுமா?
— வாசகர், ஆரையம்பதி

பதில்: வேண்டாம். நீங்கள் மாற்றவேண்டியது தூரிகை கழுவும் தண்ணீரை.

ஒரே கலவையில் நாலைந்து நிறம் விழுந்தால், அதிலும் சிவப்பும் பச்சையும்போல எதிர் நிறங்கள் விழுந்தால், ஒன்றின் ஒளியை மற்றது விழுங்கும். இரண்டு நிறமும் வெள்ளையும் போதும். அடுத்த காரணம் அவசரம். மெல்லிய அக்ரிலிக் பூச்சு பத்து, இருபது நிமிடத்தில் காயும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் இன்னும் முந்தி. அரைகுறையாய்க் காய்ந்த பூச்சில் தூரிகையைத் தேய்த்தால் அது உரிந்து புது நிறத்தோடு குழம்பும். ஈரத்திலேயே முடியுங்கள், இல்லையேல் கைவைக்காமல் முற்றாகக் காயவிடுங்கள். தண்ணீர் இரண்டு போத்தலில் இருக்கட்டும்: ஒன்று அழுக்குப் போக்க, மற்றது அலச. காய்ந்தால் சற்றே கறுக்கும் சரக்கு இது, ஆகவே கொஞ்சம் வெளிறலாகவே கலவுங்கள்.

சேற்றுக்கு இவ்வளவுதான் மருந்து. "முழுதாய்த் தெரிந்த பிறகே" என்கிறீர்களே, அதற்குத்தான் வைத்தியம் பெரிது.

கோயில் சிற்பிக்குத் தியான சுலோகம் உண்டு. எத்தனை கை, எந்தக் கையில் எந்த ஆயுதம், மேனி என்ன நிறம் என்று அது சொல்லிவிடும். அவர் உருவை மனத்தில் கண்டு தொடங்குவது முறை. கண் திறப்பதைக் கடைசிக்கு வைப்பதும் முறை. உங்களுக்குச் சுலோகம் தந்தது யார்? மூடிய கண்ணுக்குள் வருவது பெரும்பாலும் எங்கோ பார்த்த கலண்டர்ப் படம். சந்தேகமென்றால் கண் திறந்ததும் கேட்டுப் பாருங்கள்: வெளிச்சம் எந்தப் பக்கம்? நிழல் எதுவரை நீள்கிறது? பதில் வராது.

பிக்காசோ 1937இல் 'குவெர்னிக்கா' என்ற போர் ஓவியத்தைத் தீட்டும்போது புகைப்படக்காரர் டோரா மார் கட்டம் கட்டமாகப் படமெடுத்தார். விழுந்து கிடக்கும் வீரன் முதலில் மடக்கிய கைமுட்டியை உயர்த்திப் பிடித்திருந்தான். முடிந்த ஓவியத்தில் அந்தக் கை இல்லை. பிக்காசோ கிட்டத்தட்ட எட்டு மீற்றர் அகலச் சீலையிலேயே தேடி, வரைந்து, அழித்திருக்கிறார்.

நீங்களும் தேடுங்கள், சின்னதாக. எமல்சன் பூசிய ஹாட்போட் துண்டுகள், தபாலட்டை அளவில். அல்ட்ராமரீன் நீலம், பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, வெள்ளை. (எதிர் நிறம் ஆகாது என்றேனே என்பீர்கள். அது தெரியாமல் கலப்பதற்கு. இங்கே நமக்குச் சாம்பல்தான் வேண்டும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் வெதுவெதுப்பு.) கல்லடிப் பாலத்தடியில் ஓர் இடம், தினமும் அதே நேரம், துண்டுக்கு இருபது நிமிடம். இருப்பதில் பெரிய தூரிகையால் கடும் இருட்டுகளை முதலில் வையுங்கள். கண்டல் மரம் வாவித் தண்ணீரில் தன்னைவிடச் சற்று வெளிறித் தெரியும். வெள்ளைத் தோணி தன்னைவிடக் கறுத்துத் தெரியும். கண்மூடி இருப்பவருக்கு இது ஒருநாளும் அகப்படாது. எதிர்பாராத ஒரு சாம்பல் வந்து விழுந்தால் திருத்தாதீர்கள், அடுத்த துண்டை அதிலிருந்து தொடங்குங்கள். சின்னத் தூரிகையைக் கை தேடுகிறதென்றால் நிறுத்தும் நேரம்.

மனம் ஒன்றாத நாளில் என்ன செய்வது என்று அடுத்த கடிதம் வரும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவைப் பூசகரான கட்டாடியார் தன் மனம் ஒன்றியதா என்று பார்த்தா திறக்கிறார்? நாள் வந்தது, திறக்கிறது. நீங்களும் போய் இருங்கள்.

காய்ந்த துண்டுகளை முகத்தோடு முகம் அடுக்கவேண்டாம். வெக்கையில் அக்ரிலிக் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கேக் தட்டில் விரிக்கும் ஒயில் பேப்பரை இடையில் வையுங்கள்.