கேள்வி – பதில்: மெதுவாக இறங்கும் பிரேக் லீவர்

கேள்வி: என் 2006 பல்சர் 150-ல் முன் டிஸ்க் பிரேக்கைப் பிடித்தபடி நின்றால், லீவர் மெல்ல மெல்ல கைப்பிடி வரை இறங்குகிறது. எங்கும் ஆயில் கசிவு இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: லீவரைப் பிடித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள், பிரைமரி கப் என்ற ரப்பர் சீல் தேய்ந்திருக்கும். அழுத்தத்தில் ஆயில் அதன் விளிம்பைத் தாண்டி, அதன் மேலுள்ள பிரேக் ஆயில் டேங்குக்கே திரும்புகிறது. அதனால்தான் வெளியே கசிவதில்லை. கப்பை மட்டும் மாற்றாதீர்கள், பிஸ்டன், கப்கள், ஸ்பிரிங் அடங்கிய பிஸ்டன் கிட் முழுதாகப் போடுங்கள்.

லீவரைக் கழற்றி, தூசி ரப்பரை எடுத்தால், பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் வளையமான சர்க்லிப் தெரியும். அதற்கென்றே உள்ள பிளையரால் எடுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் சிலிண்டர் சுவர் கீறிவிடும். சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் கிட் வீண்செலவு, முழு அசெம்பிளியே மாற்ற வேண்டும்.

டேங்கின் அடியில் இரண்டு துளைகள். ஊசிமுனை அளவுள்ள சின்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அது அடைத்தால் லீவரை விட்டபின்னும் பிரேக் பிடித்தே நிற்கும். ஒற்றைச் செப்புக் கம்பி இழையால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

பெட்ரோல், சாதா கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். கழுவவும் பூசவும் புது பிரேக் ஆயிலே போதும். பிரைமரி கப்பின் குழிந்த பக்கம் ஸ்பிரிங்கை நோக்கி இருக்கட்டும். பிரேக் ஹோஸை இணைக்கும் போல்ட்டின் இரு செப்பு வாஷர்களும் புதிதாக இருக்கட்டும். டேங்க் மூடியில் பொறித்துள்ள டாட் (DOT) எண்ணுக்கேற்ற, அதாவது அந்தத் தரத்து பிரேக் ஆயில் ஊற்றி, லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பெயின்டில் ஆயில் சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.