ஹாலிஃபாக்ஸ் என்றால் ஏன் நடுங்கினார்கள்?

கேள்வி: ‘நரகம், ஹல், ஹாலிஃபாக்ஸ்: இந்த மூன்றிலிருந்தும் நல்ல கர்த்தரே, எங்களை ரட்சியும்’ என்பது வட இங்கிலாந்தின் யார்க்ஷயர்காரர்களின் சொலவடை என்று சென்ற இதழில் ஒரு வரியோடு முடித்துவிட்டீர்கள். 1642இல் ஹல் நகரம் கோட்டைக் கதவைச் சாத்தி முதலாம் சார்லஸ் மன்னரை வெளியே நிறுத்தியது. ஆத்திரமடைந்த ராஜ விசுவாசிகள் விட்ட சாபம்தான் இது என்று லீட்ஸில் இருக்கும் என் மருமகன் சொல்கிறார். விசாரித்து எழுதக் கூடாதா?

– வாசகர், ஈரோடு

பதில்: மருமகன் சொன்னதில் பாதி சரி. 1642 ஏப்ரலில் ஹல் நகரக் கதவு சாத்தப்பட்டது, மன்னர் வெளியே நின்றார், அது வரலாறு. ஆனால் தேம்ஸ் நதிப் படகோட்டியாக இருந்து கவிஞரான ஜான் டெய்லர் 1620களிலேயே இந்தச் சொலவடையைப் பாட்டில் வைத்துவிட்டார். பிள்ளை பிறந்து இருபது வருஷம் கழித்துத் தகப்பனைத் தேடுகிறார் உங்கள் மருமகன். தவிர, அவர் கதையில் ஹாலிஃபாக்ஸுக்கு வேலையே இல்லை. நம்மூரில் ‘மண்குதிரை’யை ‘மண்குதிர்’ ஆக்கிப் புளகாங்கிதம் அடைபவர்களின் பங்காளிகள் அங்கேயும் இருக்கிறார்கள்.

இதற்குப் பிச்சைக்காரர்களின், திருடர்களின் மன்றாட்டு என்றே பெயர். ‘எங்களை ரட்சியும்’ என்ற முடிப்பு ஆங்கிலிக்கன் சபையின் லித்தானியாவில், அதாவது வழிபாட்டில் சபையார் சேர்ந்து சொல்லும் மன்றாட்டு மாலையில், வருவது. கோயிலில் கேட்டதைச் சாலையில் கிண்டலாகத் திருப்பிச் சொன்னார்கள்.

ஹாலிஃபாக்ஸ் கம்பளி நெசவாளர்களின் ஊர். அடித்து, அலசி எடுத்த துணி ஈரத்தில் சுருங்கிவிடும் என்பதால், நீண்ட மரச் சட்டங்களில் ஓரமெல்லாம் கொக்கி மாட்டி, விறைப்பாக இழுத்துக் கட்டி, திறந்த வெளியில் காயவிடுவார்கள். (அந்தக் கொக்கிதான் டென்டர்ஹூக். இன்றும் ஆங்கிலத்தில் ஒருவர் டென்டர்ஹூக்கில் இருக்கிறார் என்றால், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்று பொருள். இது கட்டுக்கதை இல்லை, அசல்.) ஒரு குடும்பத்தின் உழைப்பு இரவெல்லாம் வெளியில் தொங்கும். கத்தியோடு வருகிறவனுக்கு அது எவ்வளவு சுலபம்!

அதனால் அந்த ஊர்ச் சட்டமும் கொடூரமாக இருந்தது. களவுப் பொருள் 13½ பென்னி பெறுமானால் தலை போகும். அதற்கென்றே ஓர் இயந்திரம்: இரண்டு மரத்தூண், நடுவே மேலிருந்து விழும் கோடரி. தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டின் பாரிஸில் வேலையைத் தொடங்கியது 1792இல். இங்கே அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்பே வேலை முடிந்துவிட்டது. கடைசியாக 1650 ஏப்ரலில் இரண்டு பேரை வெட்டினார்கள். அவர்கள் திருடியது 16 கஜம் கம்பளித் துணியும் இரண்டு குதிரைகளும். கையில் சிக்கிய 9 கஜத்துக்கு ஊர் மக்கள் போட்ட மதிப்பு 9 ஷில்லிங். ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக, ஒரு கஜத்துக்குக் கொஞ்சம் மேலே துணியை அறுத்தாலே கழுத்தும் அறுபடும். திருடன் கடவுளைக் கூப்பிட்டதில் ஆச்சரியம் என்ன?

ஹல்லுக்கு இவ்வளவு பச்சையான காரணம் கிடையாது. ஊர் சுற்றுகிறவர்களையும் பிச்சையெடுப்பவர்களையும் அந்த நகராட்சி கடுமையாக நடத்தியது என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஃபுல்லர் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அதை ஏற்கலாம். நரகத்துக்கு விளக்கம் வேண்டாமென்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கமும் ஒரு பிழை உண்டு; அதை நீங்கள் கவனிக்கவில்லை. இதை யார்க்ஷயர்காரர்களின் சொலவடை என்று நாங்கள் போட்டிருக்கக் கூடாது. ஹாலிஃபாக்ஸ் நெசவாளர் இப்படி வேண்டிக்கொள்ள என்ன அவசியம்? அவருக்கு அந்தக் கோடரி காவல். பயந்து வேண்டியது துணியை நோட்டம் விட்டவன்.

மருமகனுக்கு ஹாலிஃபாக்ஸ் தூரமில்லை. கிப்பட் (அந்த இயந்திரத்தின் பெயர்) தெருவில் 1974இல் நிறுத்திய மாதிரி இயந்திரம் நிற்கிறது. அசல் கோடரி பேங்க்ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.